எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் சமன் தேடுவோரின் வழியன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவரும் சதுரங்கப் பகுதியை விடாமல் படித்துவரும் வாசகர்களில் நானும் ஒருவன். குயின்ஸ் காம்பிட் டிக்ளைண்டு தொடக்கத்தைப் பற்றி அண்மையில் வந்த கட்டுரையில், டி5 கட்டத்தில் சிப்பாய்களை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனைக் கட்டுரையாளர் 'சமன் தேடுவோரின் வழி' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். பல ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்பித்து வருபவன் என்ற முறையில் அந்த வரி என்னை வருத்தியது. ஏனெனில், இரு தரப்புக்கும் தெளிவான, ஒன்றுக்கொன்று மாறுபட்ட திட்டங்களைத் தருவதில் இதற்கு இணையான தொடக்கங்கள் மிகச் சில. அதை வறண்டது என்று நம்பி ஒதுக்கும் மாணவர், திட்டமிட்டு ஆடுவது எப்படி என்று கற்றுக்கொள்ளும் நல்ல வாய்ப்பொன்றை இழக்கிறார்.

கட்டங்களின் பெயரில் எழுத்து வெள்ளையின் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரையிலான நெடுக்கு வரிசையையும், எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் ஒன்று முதல் எட்டு வரையிலான படியையும் குறிக்கும்; காயின் பெயரின்றிக் கட்டத்தை மட்டும் சொன்னால் அது சிப்பாயின் நகர்த்தல். வெள்ளை டி4, சி4 என்றும், கறுப்பு டி5, இ6 என்றும் தொடங்கி, இரு தரப்பும் சி3, எஃப்6 கட்டங்களுக்குக் குதிரையைக் கொண்டுவந்த பின், வெள்ளையின் சி சிப்பாய் டி5-இல் வெட்ட, கறுப்பு தன் இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய் போயிற்று, அவ்வளவுதான். ஆனால் வெள்ளை இழந்தது சி சிப்பாய், கறுப்பு இழந்தது இ சிப்பாய் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சி வரிசை வெள்ளையின் யானைகளுக்குப் பாதி திறந்துவிட்டது, அதாவது அங்கே தன் சிப்பாய் இல்லை, எதிராளியின் சிப்பாய் மட்டும் உண்டு. இ வரிசை கறுப்பின் யானைகளுக்குப் பாதி திறந்துவிட்டது. ராணிப் பக்கத்தில், அதாவது ஏ, பி, சி வரிசைகளில், வெள்ளையின் இரண்டு சிப்பாய்களுக்கு எதிரே கறுப்புக்கு மூன்று நிற்கின்றன. ராஜாப் பக்கத்தில், அதாவது இ முதல் எச் வரை, வெள்ளையின் நான்குக்கு எதிரே கறுப்புக்கு மூன்று. நடுவில் டி4-உம் டி5-உம் முட்டிக்கொண்டு நகராமல் நிற்கின்றன. கார்ல்ஸ்பாட் என்ற வெந்நீரூற்று நகரில் 1907 முதல் 1929 வரை நான்கு முறை நடந்த பெரும் போட்டிகளின் நினைவாகக் 'கார்ல்ஸ்பாட் அமைப்பு' என்று அழைக்கப்படும் இந்தச் சிப்பாய்க் கட்டு, வேறு பல தொடக்கங்களிலிருந்தும் வந்து சேரக்கூடியது என்பதால், இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்த உழைப்பு ஒரே தொடக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

இந்தப் பரிமாற்றத்துக்கு வெள்ளை ஒரு விலை கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குயின்ஸ் காம்பிட் டிக்ளைண்டின் பிற கிளைகளில் கறுப்பின் தீராத தலைவலி, இ6 சிப்பாயின் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் சி8 பிஷப்தான். இ சிப்பாய் டி5-க்குப் போய்விட்டால் அந்த பிஷப்புக்குக் கதவு திறந்துவிடுகிறது. ஆகவே அடுத்த சில நகர்த்தல்கள் முழுவதும் அது எஃப்5 கட்டத்துக்கு வந்து சேருமா, சேராதா என்பதைச் சுற்றியே நிகழ்கின்றன. வெள்ளை பிஷப்பை டி3-இலும் ராணியை சி2-இலும் நிறுத்துவது இதற்காகத்தான். அந்த இரண்டும் சேர்ந்து எஃப்5 கட்டத்தைக் காவல் காக்கின்றன. வெள்ளை ஜி5-க்கு பிஷப்பை எடுத்து, இ3 ஆடியவுடன் கறுப்பு அவசரமாக பிஷப்பை எஃப்5-க்கு எடுத்தால், வெள்ளை ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து, பிஷப் ஜி6-க்குப் பின்வாங்கியதும் எஃப்6-இல் குதிரையை வெட்டி, ராணிகளையும் மாற்றிக்கொண்டு, கறுப்பின் எஃப் சிப்பாய்களை ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்களாக்கிவிடுகிறது. கறுப்பு அந்த இறுதியாட்டத்தைத் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதை விரும்பித் தேர்ந்தெடுப்போர் பொறுமைசாலிகளாக இருக்க வேண்டும்.

நகர்த்தல்களின் வரிசையை மாற்றி, மூன்றாவது நகர்த்தலிலேயே பிஷப்பை இ7-க்கு எடுத்து, வெள்ளையின் பிஷப் ஜி5-க்கு வரவிடாமல் தடுப்பது வேறொரு வழி. அப்போது வெள்ளை டி5-இல் மாற்றிக்கொண்டு பிஷப்பை எஃப்4-இல் நிறுத்த, கறுப்பின் பிஷப் எஃப்5-க்கு வந்ததும், ஜி4 என்று சிப்பாயை முன்தள்ளி அதை விரட்டுகிறது. 1963-ஆம் ஆண்டு உலகப் பட்டப் போட்டியில் பெட்ரோசியனுக்கு எதிராக போட்வின்னிக் இந்த ஜி4-ஐ ஆடினார். 2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் மூன்றாம் ஆட்டத்தில் குகேஷும் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனையே ஆடினார். அங்கே அவர் ஆறாவது நகர்த்தலில் ராணியை சி2-இல் நிறுத்த, டிங் ஜி6 ஆடி எஃப்5-க்கு பிஷப்பைக் கொண்டுவந்தார். ஒன்பதாவது நகர்த்தலில் குகேஷின் ஜி4 வந்தது. வரிசையும் சூழலும் வேறானாலும், அறுபத்தொரு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் கேள்வி அதே எஃப்5 பிஷப்பைப் பற்றியதுதான். குகேஷ் அந்த ஆட்டத்தை 37 நகர்த்தல்களில் வென்றார். சமன் தேடுவோரின் வழி என்று சொல்லப்படும் ஒன்றை, முதல் ஆட்டத்தில் தோற்றுப் பின்தங்கியிருந்த ஒருவர் வெற்றி தேடித் தேர்ந்தெடுத்தார் என்பதை அந்தக் கட்டுரையாளர் நினைவுகூர வேண்டும்.

தொடக்க நிலையினர் விழும் குழி ஒன்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுவிடுகிறேன். கறுப்பு பி8 குதிரையை டி7-க்கு எடுத்ததும், ஜி5-இல் நிற்கும் தன் பிஷப்பால் எஃப்6 குதிரை ராணியோடு கட்டுண்டிருப்பதாக, அதாவது அது நகர்ந்தால் ராணி பறிபோகும் என்று நினைத்து வெள்ளை டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டினால், கறுப்பு தயங்காமல் எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டுகிறது. வெள்ளை ராணியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கறுப்பின் பிஷப் பி4-இலிருந்து செக் வைக்கும்போது, வெள்ளை தன் ராணியையே குறுக்கே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கு முடியும்போது ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையை வெள்ளை இழந்திருக்கும்.

இனி வெள்ளையின் திட்டங்களுக்கு வருகிறேன். எல்லோரும் அறிந்தது 'மைனாரிட்டி அட்டாக்', அதாவது இரண்டு சிப்பாய்களைக் கொண்டு மூன்று சிப்பாய்களைத் தாக்குவது. பி1-இல் யானையை நிறுத்தி, பி4 ஆடி, தேவையானால் ஏ4-ஐயும் ஆடி, பி5 என்று, சி6-இல் நிற்கும் கறுப்புச் சிப்பாயோடு முட்டுவதே இதன் வடிவம். எண்ணிக்கையில் குறைந்தவர் ஏன் தாக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்காத நாளில்லை. இங்கே வெள்ளையின் நோக்கம் சிப்பாயை வெல்வதன்று; கறுப்பின் சிப்பாய்க் கட்டில் ஓர் ஓட்டை போடுவதுதான். பி5-க்கு வந்த சிப்பாயைக் கறுப்பு கண்டுகொள்ளாமல் விட்டால், வெள்ளை சி6-இல் வெட்டும். பி சிப்பாயால் திருப்பி வெட்டியதும் சி6 சிப்பாய் பாதி திறந்த வரிசையில், பக்கத்தில் துணைக்குச் சிப்பாயின்றிப் பின்தங்கி நிற்கும். சி சிப்பாயால் கறுப்பே பி5-இல் வெட்டினால், டி5 இருபுற வரிசைகளிலும் துணையில்லாத தனிச் சிப்பாயாகிவிடுவதோடு பி7-உம் இலக்காகிறது. சி5 என்று தாண்டிப் போனாலோ, வெள்ளை டி சிப்பாயால் அதை வெட்ட, டி5 மறுபடியும் தனிமைப்படுகிறது. எந்த வழியில் போனாலும் கறுப்புக்கு ஒரு பலவீனம் மிஞ்சுகிறது. 1950-ஆம் ஆண்டு துப்ரோவ்னிக் சதுரங்க ஒலிம்பியாடில் லாரி எவன்ஸ் என்பவர் ஓப்சால் என்பவருக்கு எதிராக ஆடிய ஆட்டம் இந்தத் திட்டத்துக்கு இன்றளவும் பாடமாகக் காட்டப்படுகிறது.

ஆனால் பாடமாகக் காட்டப்படும் ஆட்டங்களில் ஓர் ஆபத்து உண்டு. தோற்றவர் தன் வேலையைச் செய்யாத ஆட்டங்களே பெரும்பாலும் பாடங்களாகின்றன. பி4, பி5 ஆடினால் வெற்றி தானாக வரும் என்று மாணவர் நம்பத் தொடங்கிவிடுகிறார். என் மாணவர் ஒருவர் ஒரு போட்டியில் இத்திட்டத்தைக் குறையின்றி நிறைவேற்றினார். சி6 சிப்பாய் பின்தங்கியது, இரண்டு யானைகளும் சி வரிசையில் அணிவகுத்தன, ராணியும் அங்கேயே நின்றது. அந்த நேரத்தில் எதிராளியின் யானை இ6 வழியாக எச்6-க்கும், குதிரை ஜி4-க்கும் வந்து சேர, ராஜாவைக் காக்க அருகில் ஒரு காய்கூட இல்லை. அந்தச் சிறுவர் அன்று கண்கலங்கியபடி என்னிடம் கேட்ட கேள்வி, 'என் திட்டம் சரிதானே, பிறகு ஏன் தோற்றேன்?' என்பது. அவருக்கு நான் கற்பித்தது பாதித் திட்டம்தான் என்பதை அன்று உணர்ந்தேன். அதன்பின் இந்தத் தொடக்கத்தைக் கறுப்பின் பக்கத்திலிருந்தே கற்பிக்கத் தொடங்குகிறேன்.

கறுப்பின் பக்கம் தற்காப்பு மட்டுமே என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கறுப்புக்கு இருக்கும் தேர்வுகள் வெள்ளையினுடையவற்றைவிடக் குறைந்தவை அல்ல. இ வரிசை அதனுடையது. இ4 கட்டம் அதன் குதிரைக்கு இயல்பான முன்னரண். யானை இ8-க்கும், டி7 குதிரை எஃப்8-க்கும் போவது வெறும் இடமாற்றமன்று. எஃப்8-இல் நிற்கும் குதிரை எச்7-ஐக் காக்கிறது. அங்கிருந்து ஜி6-க்குப் போனால் ராஜாவின் மீதான தாக்குதலுக்குத் துணை. இ6-க்குப் போனால் ஜி5 பிஷப்புக்குத் தொல்லை. மற்றொரு குதிரை இ4-இல் அமர, டி6-க்கு பிஷப்பும், இ6 வழியாக எச்6-க்கு யானையும் வந்துவிட்டால், வெள்ளையின் பி5 எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. இ4-இல் குதிரையை வெள்ளை வெட்ட, டி சிப்பாய் அங்கே வந்து அமர்ந்துவிட்டால், ஆட்டம் இரண்டு தனித்தனிக் களங்களாகப் பிரிகிறது: வெள்ளை இடப்புறம் விரைய வேண்டும், கறுப்பு எஃப்5-ஐயும் துணைக்கழைத்து வலப்புறம் விரைய வேண்டும். ஒரு நகர்த்தல் முந்துபவரே பெரும்பாலும் வெல்கிறார்.

இதைவிட நுட்பமான, என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான திட்டம் ஒன்று கறுப்புக்கு உண்டு. ஜி6 ஆடி, எஃப்8 குதிரையை இ6 வழியாக ஜி7-க்குக் கொண்டுசென்று, அதன் துணையோடு பிஷப்பை எஃப்5-இல் நிறுத்தி, வெள்ளையின் டி3 பிஷப்போடு மாற்றிக்கொள்வதுதான் அது. சிறிய வேலைக்காக இவ்வளவு பயணமா என்று தோன்றலாம். ஆனால் கறுப்பின் சிப்பாய்கள் சி6, டி5 ஆகிய வெள்ளைக் கட்டங்களில் நிற்பதால், வெள்ளைக் கட்ட பிஷப்தான் அதன் காய்களில் குறைந்த வேலையுள்ளது. வெள்ளையின் டி3 பிஷப்போ அதன் காய்களிலேயே சுறுசுறுப்பானது. இந்த இரண்டும் பலகையை விட்டு வெளியேறினால் சி4, இ4 கட்டங்களுக்கான போட்டி கறுப்புக்குச் சாதகமாகிறது. அதன்பின் குதிரை ஒன்று டி6-க்கு வந்துவிட்டால், அது பி5, சி4, இ4 ஆகிய மூன்று கட்டங்களையும் ஒருசேரக் கண்காணிக்கிறது. மைனாரிட்டி அட்டாக்கின் கூர்மை அங்கேயே மழுங்கிவிடுகிறது. இந்தத் திட்டத்தைப் புரிந்துகொண்ட சிறுவர், நல்ல பிஷப், கெட்ட பிஷப் என்ற பாடத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ராணிப் பக்கத்திலேயே நேராக எதிர்கொள்ளும் வழிகளும் உள்ளன. ஏ5 ஆடி, வெள்ளையை ஏ3 ஆட வைத்து, பி4 வந்ததும் ஏ வரிசையில் சிப்பாய்களை மாற்றிக்கொண்டால், கறுப்பின் ஏ8 யானை உட்கார்ந்த இடத்திலேயே உயிர்பெறுகிறது. ஏ7-இல் நின்றிருக்கக்கூடிய பலவீனமும் ஒழிகிறது. அதற்கு ஈடாக பி7 சற்றுத் தளர்கிறது. வெள்ளை பி4 ஆடியதும், கறுப்பே பி5 ஆடி அந்தச் சிப்பாயை அசையவிடாமல் செய்வது இன்னொரு வழி. இது பார்ப்பவர்க்கு அதிர்ச்சி தரும். ஏனெனில் சி6 சிப்பாயைக் கறுப்பு தானாகவே நிரந்தரமாகப் பின்தங்க வைக்கிறது. ஆனால் குதிரை பி6 வழியாகவோ டி6 வழியாகவோ சி4-இல் போய் அமர்ந்துவிட்டால், சி வரிசை அடைபட்டுவிடும். சி6-ஐ வெள்ளை தொடவே முடியாது. குதிரை சி4-க்குப் போய்ச் சேரும் முன் வெள்ளை ஏ4 ஆடி அக்கட்டைக் குலைக்க முடியுமென்றால் மட்டும் பி5 பெரும் பிழை. ஆகவே இந்த ஒரு நகர்த்தலை ஆடுமுன் குதிரைக்கு எத்தனை நகர்த்தல்கள் தேவை என்று எண்ணிப் பார்ப்பதை நான் என் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

வெள்ளைக்கு மைனாரிட்டி அட்டாக் ஒன்றுதான் திட்டம் என்று கருதுவதும் தவறு. ஜி1 குதிரையை எஃப்3-க்கு எடுக்காமல் இ2-க்கு எடுத்தால், எஃப் சிப்பாயின் வழி திறந்திருக்கும். எஃப்3 ஆடி, காய்களைப் பின்னால் குவித்து, இ4 என்று நடுவில் உடைப்பதே நோக்கமாகிறது. 1952-ஆம் ஆண்டு சோவியத் சாம்பியன் போட்டியில் போட்வின்னிக் கெரஸுக்கு எதிராக இப்படித்தான் ஆடினார். அவர் முதலில் ஏ யானையை பி1-க்கு எடுத்தது மைனாரிட்டி அட்டாக் வரப்போகிறது என்ற தோற்றத்தைத் தந்தது. பின்னர் அதே யானையை இ1-க்குக் கொண்டுவந்து, எஃப்3, இ4, இ5 என்று நடுச் சிப்பாய்களை உருட்டிச் சென்று, டி6-இல் குதிரையை ஊன்றினார். கெரஸ் போன்ற பெரும் ஆட்டக்காரரே திணறிய அந்த ஆட்டம் 37 நகர்த்தல்களில் முடிந்தது. ஒரு திட்டத்தின் அச்சுறுத்தல் மற்றொரு திட்டத்துக்கு எப்படித் திரையாகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கறுப்புக்கு இதற்கும் மறுமொழி உண்டு. எஃப்3 ஆடியவுடன் இ3 சிப்பாய் தன் துணையை இழக்கிறது. எனவே அந்தத் தருணத்தில் சி5 என்று டி4-ஐத் தாக்கினால், இ வரிசையில் நிற்கும் கறுப்பு யானைக்கும் வேலை கிடைக்கிறது. மைனாரிட்டி அட்டாக்குக்கு எதிராக அசையாமல் நிற்க வேண்டிய சி6 சிப்பாயே, இ4 திட்டத்துக்கு எதிராக முன்னேற வேண்டியதாகிறது. எதிரே இருப்பது எந்தத் திட்டம் என்று அறியாமல் நினைவிலிருந்து ஆடுபவர் தடுமாறும் இடம் இதுதான்.

ராணிப் பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்து, ராஜாப் பக்கச் சிப்பாய்களை ஏவும் முரட்டு வழியும் வெள்ளைக்கு உண்டு. அப்போது கறுப்பு தன் ராணிப் பக்கச் சிப்பாய்களைத் தயங்காமல் ஓடவிட வேண்டும் என்பதற்கு மேல் அதில் விரித்துரைக்க அதிகமில்லை. ஆனால் 1927-இல் புவனோஸ் ஐரஸில் அலெகினும் கபபிளாங்காவும் மோதிய உலகப் பட்டப் போட்டியின் 32-ஆம் ஆட்டத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அலெகின் காஸ்லிங் செய்யாமலேயே பத்தாவது நகர்த்தலில் எச்4 ஆடினார். பின்னர் ஜி சிப்பாயையும் முன்னேற்றினார். எல்லோரும் ராஜாவின் மீது பாய்ச்சல் வரும் என்று எதிர்பார்க்கும் நேரத்தில் ராணிகள் மாறி, கூடுதலாகக் கிடைத்த ஒரு சிப்பாயைக் கொண்டு நீண்ட இறுதியாட்டத்தில் 63-ஆம் நகர்த்தலில் அவர் வென்றார். அதற்கு அடுத்த இரண்டு ஆட்டங்களோடு உலகப் பட்டம் கைமாறியது.

மைனாரிட்டி அட்டாக்குக்குப் பின் வரும் இறுதியாட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சி6-இல் ஒரு பலவீனச் சிப்பாய் இருப்பதால் மட்டும் வெள்ளை வென்றுவிடுவதில்லை. ஒரு பலவீனத்தை இரண்டு யானைகளும் ஒரு குதிரையும் காத்துக்கொண்டே இருக்க முடியும். அந்தக் காவலில் எதிராளியின் காய்கள் முடங்கியிருக்கும்போது, ராஜாப் பக்கத்தில் சிப்பாய்களை நகர்த்தி இரண்டாவது பலவீனத்தை உண்டாக்குவதே வெற்றிக்கு வழி. ராஜாப் பக்கத்தில் வெள்ளைக்கு நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மை இருந்தது என்று தொடக்கத்தில் எண்ணினோமே, அது பயன்படுவது இங்கேதான். பதினோராவது நகர்த்தலில் ஆடிய பி1 யானைக்கும் ஐம்பதாவது நகர்த்தலில் ஆடும் ஜி4 சிப்பாய்க்கும் உள்ள இந்தத் தொடர்பை மாணவர் ஒருமுறை கண்டுகொண்டால், தொடக்கத்தையும் இறுதியாட்டத்தையும் தனித்தனிப் பாடங்களாக நினைக்கமாட்டார்.

ஆகவே, தங்கள் சதுரங்கப் பகுதியில் ஆட்டங்களை வெளியிடும்போது, நகர்த்தல்களை வரிசையாக அச்சிடுவதோடு நிறுத்தாமல், சிப்பாய்க் கட்டு உருவான தருணத்தில் ஒரு பலகைப் படத்தை வெளியிட்டு, அங்கிருந்து வெள்ளை என்ன நாடுகிறது, கறுப்பு என்ன நாடுகிறது என்று இரண்டு பத்திகளேனும் எழுதச் செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் படமாக இந்த நிலையையே வெளியிடலாம். வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி2, யானைகள் பி1, எஃப்1, பிஷப்கள் டி3, ஜி5, குதிரைகள் சி3, எஃப்3, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, இ3, எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் ஏ8, இ8, பிஷப்கள் சி8, இ7, குதிரைகள் எஃப்6, எஃப்8, சிப்பாய்கள் ஏ7, பி7, சி6, டி5, எஃப்7, ஜி7, எச்7. கறுப்பு ஆட வேண்டிய முறை. ஏ5, குதிரை இ4, குதிரை ஜி6, ஜி6 சிப்பாய் ஆகிய நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், அடுத்த ஐந்து நகர்த்தல்களில் உங்கள் காய்கள் எங்கெங்கே நிற்கும் என்று வாசகர்களைக் கேளுங்கள். நான்குமே ஆடத் தக்கவை என்பதால், விடையைக் காட்டிலும் அவர்கள் எழுதியனுப்பும் காரணங்களையே அடுத்த வாரம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சதுரங்கப் பயிற்சியாளன்